வாசித்தவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் நோம்பிகளிலும் (திருவிழாக்களிலும்) கல்லூரி விழாக்களிலும் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வரும் செய்திகளை நெடுங்காலமாகப் படித்து வருகிறேன். அவற்றில் தொடர்ந்து விடுபட்டு வரும் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம். விழாவுக்குத் தலைமை தாங்கியவர், குத்துவிளக்கு ஏற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், பாடியவர் என எல்லாருடைய பெயரும் செய்தியில் இடம்பெறுகிறது. நள்ளிரவு தாண்டியும் மேடையில் அமர்ந்து கீபோர்டும் கிடாரும் தபேலாவும் ரிதம் பேடும் வாசித்தவர்கள் மட்டும் 'குழுவினர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

பெருந்துறையில் நண்பர்கள் சிலர் மாலை வேளைகளில் பேக்கரியில் கூடித் தேநீர் குடித்தபடி பாட்டைப் பற்றிப் பேசுவது வழக்கம். தறிப்பட்டறை வைத்திருப்பவர், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவர், பொறியியல் படிக்கும் மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அதில் உண்டு. பேச்சு ஆங்கில ராக் குழுக்களின் பக்கம் திரும்பினால், இருபது வயது மாணவர்கூட ஒவ்வொரு கலைஞரையும் பெயர் சொல்லித்தான் பேசுகிறார். லெட் செப்பலின் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் 1980-இல் இறந்தபோது, அவர் இல்லாமல் தொடர்வதில்லை என்று மற்ற மூவரும் குழுவையே முடித்துக்கொண்டது அந்த மாணவருக்குத் தெரியும். 1973-இல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிடார் வாசித்த ரோஜர் குளோவரும் விலகிய பிறகு டீப் பர்ப்பிள் குழுவின் ஓசை மேம்பட்டதா, தேய்ந்ததா என்று அரை மணி நேரம் வாதிட அவரால் முடிகிறது. ஆனால் அவர் அன்றாடம் கேட்கும் தமிழ்ப் பாட்டின் இடையிசையில் வரும் புல்லாங்குழலை வாசித்தவர் யார் என்று கேட்டால், இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிவர்பூலிலும் லண்டனிலும் வாசித்தவர்களின் பெயர்களை அவருக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களின் பெயர்களைச் சொல்ல மிகச் சிலரே முன்வந்திருக்கிறார்கள்.

ஒலிநாடாக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1980-களிலும் 90-களிலும் எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட, தொண்ணூறு நிமிட வெற்று நாடாக்களில் பதிந்து தருவார்கள். அட்டையில் பாட்டின் முதல் வரியும் படத்தின் பெயரும் அழகான கையெழுத்தில் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இராது. பெயர்கள் தொலையத் தொடங்கியது கைப்பேசிச் செயலிகளுக்கு வெகு முன்பே என்பதற்கு அந்த அட்டைகளே சாட்சி. நிறுவனங்கள் வெளியிட்ட நாடாக்களிலும் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்ற மூவர் பெயர்தான் இருந்தது. 1990-களில் ஏ.ஆர்.ரகுமானின் பாடல் நாடாக்கள் சிலவற்றின் உள்ளட்டையில் இசைக்கருவி வாசித்தவர்களின் பெயர்களையும் கண்டபோது எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு ஒரு புதிய வாசலே திறந்தது. புல்லாங்குழலுக்கு நவீன், பேஸ் கிடாருக்குக் கீத் பீட்டர்ஸ், தாளக் கருவிகளுக்குச் சிவமணி என்று பெயர் தெரிந்தபின், அடுத்த பாட்டில் அவர்களைத் தேடிக் கேட்கும் பழக்கம் தானாகவே வந்தது. பாட்டு முடிந்தபின் மெட்டை மட்டும் முணுமுணுத்தவர்கள், ஒரு கலைஞரின் விரல் ஓடும் விதத்தை அடையாளம் கண்டு பேசத் தொடங்கினார்கள்.

1976-இல் திரையுலகுக்கு வந்த இளையராஜாவின் பாடல்களை எங்கள் பகுதி கேட்ட அளவுக்கு வேறெந்தப் பகுதியும் கேட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகமுண்டு. அந்தப் பாடல்களில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கிடார் வாசித்த சதானந்தம், கீபோர்டு வாசித்த விஜி மேனுவல், புல்லாங்குழல் வாசித்ததோடு அருண்மொழி என்ற பெயரில் பாடவும் செய்த நெப்போலியன் ஆகியோரைப் பற்றி, கேட்டவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' என்ற தனி இசைத் தொகுப்பு பேசப்படும் இடத்தில் மட்டும் வி.எஸ்.நரசிம்மனின் வயலினும் சேர்த்துப் பேசப்படுகிறது. அங்கே பாட்டும் பாடகரும் இல்லாததால் காது நேராக வயலினிடம் போய்விடுகிறது.

இளையராஜா ஒவ்வொரு சுரத்தையும் தம் கையாலேயே எழுதிக் கொடுப்பவர், எழுதியதை வாசித்தவருக்கு இதில் என்ன தனிப் பெருமை என்று எங்கள் நண்பர்களில் ஒருவர் கேட்பதுண்டு. மறுத்துவிட முடியாத கேள்விதான். ஆயினும் பாடகரும் இசையமைப்பாளர் கொடுத்த மெட்டைத்தான் பாடுகிறார். அதனால் அவருடைய பெயரை நாம் விட்டுவிடுவதில்லை. எழுதப்பட்ட சுரத்துக்கும் காதில் விழும் ஒலிக்கும் நடுவில் ஒரு மனிதரின் மூச்சும் விரலும் பல்லாண்டுப் பயிற்சியும் இருக்கின்றன. கணினியில் ஓசைகளைக் கோத்துத் தாளம் அமைக்கும் இன்றைய பாடல்களிலும் அதை அமைத்தவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார், அவருக்கும் இது பொருந்தும். இசையமைப்பாளரின் பெருமையில் இதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையாது.

நாம் கேட்கும் முறையும் வாசிப்பவரை மறைப்பதில் பங்கு வகிக்கிறது. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்பும் ஒலியின் அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுகள். கைப்பேசியின் விரல் நகம் அளவுள்ள ஒலிபெருக்கியால் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. அதனுடன் சேர்ந்து எழும் உயர்ந்த துணை அதிர்வுகளைக் கொண்டு மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. தறிச் சத்தத்தினிடையே கைப்பேசியை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பாட்டுக் கேட்கும் சோமனூர், பல்லடம் பகுதித் தொழிலாளிக்குப் பேஸ் கிடார் என்ற ஒன்று அந்தப் பாட்டில் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை. எங்கள் தலைமுறைக்கு அதைக் காட்டிக்கொடுத்தவை தனியார் டவுன் பஸ்கள். ஈரோட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் கிராமங்களுக்குச் செல்லும் பேருந்துகளின் பின்பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்த பெரிய பெட்டிகளிலிருந்து அந்த ஒலி இருக்கை வழியாக முதுகில் இறங்கும். குறிப்பிட்ட பேருந்தில் பாட்டு நன்றாக இருக்கும் என்பதற்காக முன்னால் வந்த பேருந்தை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அளவுக்கு மீறிய சத்தம் தவறுதான், அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பாட்டின் அடித்தளத்தில் ஒருவர் தனியாக நடந்து செல்கிறார் என்பதை நாங்கள் உணர்ந்தது அங்கேதான். இன்று நல்ல இயர்போன் மலிவு விலைக்குக் கிடைக்கிறது. மாணவர்களின் காதுக்குள் அந்த ஒலி மீண்டும் வந்திருக்கும் இந்த நேரத்தில், அதை எழுப்பியவரின் பெயரும் வந்து சேர வேண்டாமா?

கோவைக்கு இந்த விஷயத்தில் தனியான ஒரு வரலாறு இருக்கிறது. ஜுபிடர் பிக்சர்ஸ் நிறுவனம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் படங்களை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் இளைஞராக இருந்த எம்.எஸ்.விஸ்வநாதன் உதவியாளராகப் பணியாற்றினார். அவர் போட்ட மெட்டுகள் சில நாயுடுவின் பெயரிலேயே வெளிவந்தன என்பதும், 1948-இல் வந்த 'அபிமன்யு' படத்தில் அத்தகைய மெட்டு ஒன்று உண்டு என்பதும் திரையிசை வரலாற்றில் பலமுறை பேசப்பட்டவை. நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குப் போகும் நேரத்தில், அந்த மெட்டுகள் இந்தப் பையனுடையவை என்று நாயுடுவே முதலாளியிடம் எடுத்துச் சொல்லி, அவரையும் உடன் அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டார் என்கிறார்கள். மூத்தவர் ஒருவர் வாய் திறந்து பெயரைச் சொன்னதனால் தமிழுக்கு ஒரு மெல்லிசை மன்னர் கிடைத்தார். கோவைக்காரர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேல்நாட்டார் இதில் தொடக்கம் முதலே நேர்மையாக இருந்தார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயங்கிய மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 1960-களின் வெற்றிப் பாடல்களில் வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' கலைஞர்களின் பெயர்கள் இசைத்தட்டுகளில் இல்லை. 1971-இல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் அவை முறையாக அச்சாயின; பேஸ் கிடார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை ஈடிணையற்றவர் என்றே அதன் உறை குறிப்பிட்டது. பீட்டில்ஸ் குழுவின் 1967-ஆம் ஆண்டு 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்பின் பின்னட்டையில் பாடல் வரிகள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. ஜார்ஜ் ஹாரிசன் அதில் பாடிய இந்தியச் சாயல் கொண்ட பாட்டில் தில்ரூபாவும் தபேலாவும் தம்புராவும் வாசித்த, லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்களின் பெயர்களுக்கு மட்டும் அந்த அட்டையில் இடம் கிடைக்கவில்லை. உலகமே நான்கு பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு குழுவின் இசைத்தட்டிலேயே நம் நாட்டவருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. இதற்கு மாறாக, 1970-களில் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் கலைஞர் எல்.சங்கர், தபேலா கலைஞர் ஜாகிர் உசேன் ஆகியோருடன் விக்கு விநாயக்ராம் சேர்ந்து வாசித்த 'சக்தி' குழுவில் கடம் வாசித்தவரின் பெயரும் கிடார் வாசித்தவரின் பெயரும் ஒன்றாகவே பேசப்பட்டன. அதனால்தான் கடம் என்ற கருவி உலக மேடைகளில் ஒரு மனிதரின் முகத்தோடு அறிமுகமாயிற்று.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, ஒரு நிகழ்த்துகலையை நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை அக்கலைஞருக்கு வழங்குகிறது. பயன்படுத்தும் முறையின் காரணமாகப் பெயரை விட நேர்ந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆனால் ஒலிப்பதிவின் மீது கட்டாயம் அச்சிட வேண்டியவற்றைச் சொல்லும் 52ஏ பிரிவு, பதிவைத் தயாரித்தவரின் பெயர், முகவரி, பதிப்புரிமை பெற்றவரின் விவரம், முதலில் வெளிவந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்கிறதே தவிர, வாசித்தவரின் பெயரைக் கேட்கவில்லை. இசைச் செயலிகளில் பாட்டின் விவரப் பகுதியைத் திறந்தால் அங்கும் பெரும்பாலான தமிழ்ப் பாடல்களுக்கு இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்ற அதே மூவர்தான். செயலியில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஒலிநாடா உறையைப் போல நான்கு விரல் அகலத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாடல்களை வெளியிடும் நிறுவனங்கள் விவரங்களைக் கொடுத்தாலன்றி அந்தப் பகுதி நிரம்பாது. பழைய பாடல்களில் வாசித்தவர்களில் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் நெடுநாள் இராது.

சட்டத்தைத் திருத்துவதும் நிறுவனங்களை அசைப்பதும் ஒரு வாசகர் கடிதத்தால் ஆகிற காரியமல்ல. தங்கள் நாளிதழால் உடனே ஆகக்கூடிய ஒன்று இருக்கிறது. ஈரோட்டிலும் பண்ணாரியிலும் பங்குனியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் நடைபெறும். அதையொட்டிச் சிற்றூர்களிலும் நோம்பி சாட்டி, இரவில் மெல்லிசைக் கச்சேரிகள் நடக்கும். அந்தக் குழுக்களில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் நம் பகுதியிலேயே வாழ்பவர்கள். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. கச்சேரி தொடங்குமுன் தங்கள் செய்தியாளர் குழுத் தலைவரிடம் கேட்டால், யார் எந்தக் கருவி என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். செய்தியின் கடைசியில் இரண்டு வரி போதும். விழாக் குழுவினரும் துண்டறிக்கையிலும் வளைவுப் பதாகையிலும் நன்கொடையாளர் பட்டியலுக்குக் கீழே அந்த ஐந்தாறு பெயர்களை அச்சிடலாம். இதனால் அவர்களுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவாகப் போவதில்லை.

வரும் பங்குனித் திருவிழாச் செய்திகளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதிக் குழுக்களில் வாசிப்பவர்களின் பெயர்களைச் சரியான எழுத்துடன் சேகரித்துத் தர நானும் என் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.