‘இழுத்துட்டான்’ என்பதற்கு முன்னால்: வடசென்னை ரேஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து ரேஸ் நண்பர்களுக்கு வணக்கம்.

பேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று நிறையப் பேர் பணம் கட்டிய குதிரை, நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்துவிட்டால் அன்று சாயங்காலம் நம் டீக்கடைகளில் ஒரே தீர்ப்புதான்: “ஜாக்கி இழுத்துட்டான்பா.” அதாவது, வேண்டுமென்றே குதிரையை ஓடவிடாமல் பிடித்துவிட்டான் என்று. செல்போனில் கடைசி 200 மீட்டரை நாலு தடவை ஓட்டிக் காட்டி, “கையே அசையல பாரு” என்பார்கள். குதிரைகளோடும் சேணத்தோடும் பழகிய சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. ஜாக்கிகளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. தப்பு நடக்கிற இடம் ஒன்று, நீங்கள் உற்றுப் பார்க்கிற இடம் வேறொன்று என்பதுதான் எங்கள் வழக்கு.

குதிரைப் பந்தயம் சூதாட்டமா திறமையா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், இது பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பு வந்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சியோடு ஜாக்கியின் கைத்திறமையும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அந்தக் கைத்திறமையை அளக்கச் சரியான அளவுகோல் நம்மிடம் இருக்கிறதா?

ரேஸ் தொடங்கும் கேட்டிலிருந்து ஆரம்பிப்போம். முரட்டுக் குதிரை கேட்டுக்குள் நிற்காது. பின்னால் உட்காரும், முன்னங்காலைத் தூக்கும், கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பும். கதவு திறக்கிற நொடியில் தலை திரும்பியிருந்தால் அரை வினாடி போச்சு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை ஒரு வினாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் போகும். ஒரு லெங்த், அதாவது ஒரு குதிரையின் நீளம், ஏறக்குறைய 2.4 மீட்டர். ஆக அரை வினாடி என்பது மூன்று லெங்த்துக்கு மேல். 1000 மீட்டர் ரேஸில் அதை மீட்க நேரமே கிடையாது. இந்த இடத்தில் ஜாக்கி பதறி உடனே விரட்டினால் குதிரை சூடேறி, முதல் 400 மீட்டரிலேயே கையிருப்பைக் காலி செய்துவிடும். பின்னாலேயே மூச்சு சீராகும் வரை விட்டுப் பிடிப்பவரை “தூங்கிட்டான்” என்கிறோம். சரியாகச் செய்தவர் அவர்தான்.

அடுத்தது, சர்ச்சை எல்லாம் முளைக்கிற இடம்: முதல் 600 மீட்டரில் குதிரை இழுப்பது. கவனியுங்கள், இங்கே இழுப்பது குதிரை. தலை உயரும், வாய் திறக்கும், ஜாக்கி கால் வளையங்களில் எழுந்து பின்னால் சாய்ந்திருப்பார். பார்க்கிறவருக்கு அவர் குதிரையைப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரியும். 450, 500 கிலோ எடையுள்ள மிருகத்தை 55 கிலோ மனிதர் பலத்தால் பிடித்து வைக்க முடியாது. லகானை விடாமல் இறுக்கினால் குதிரைக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்த மாதிரி, இன்னும் இழுக்கும். கை தெரிந்தவர் லகானின் இரண்டு வாரையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, குதிரையின் கழுத்திலேயே ஊன்றி வைப்பார். அப்போது குதிரை இழுப்பது தன் கழுத்தைத்தானே தவிர ஜாக்கியின் தோளை அல்ல. இடையிடையே விரல்களைத் தளர்த்தி, மறுபடி மூடுவார். கூட்டத்தில் நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது. பலன் மட்டும் தெரியும்: குதிரையின் தலை இறங்கும், வாய் மூடும், எட்டு வைக்கும் தூரம் நீளும்.

நம்ம ஏரியாவில் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கயிற்றோரம் சாய்ந்து கைகளை மூடி நிற்பவனைப் பயந்தவன் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. எதிராளி களைத்துப் போகட்டும் என்று காத்திருக்கிறான் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும்.

குதிரையை அடக்க இன்னொரு வழி, முன்னால் ஓடும் குதிரையின் வாலுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது. எதிரே காலி மைதானம் தெரியாவிட்டால் பல குதிரைகள் அடங்கிவிடும். காற்றும் முகத்தில் அடிக்காது. டிராவில், அதாவது யாருக்கு எந்த கேட் என்று குலுக்கிப் போடுவதில், வெளிப்பக்கத்துப் பன்னிரண்டாவது கேட் கிடைத்தால் அந்த மறைப்பு கிடைப்பது கஷ்டம். முன்னால் போகிறவர்கள் மெதுவாக ஓட்டினால் இழுக்கிற குதிரை இன்னும் அதிகமாக இழுக்கும். ஆகவே டிராவையும் முதல் 600 மீட்டரின் வேகத்தையும் பார்க்காமல் ஜாக்கியை எடைபோட முடியாது. பயிற்சி ஜாக்கி என்றால் எடைச் சலுகை உண்டு. முரட்டுக் குதிரைக்கு அந்த இரண்டு மூன்று கிலோ லாபத்தை விட அனுபவமுள்ள கை பெரிது. அந்தத் தேர்வு ட்ரெயினருடையது. திட்டுவதானால் அங்கேயும் ஒரு பங்கு அனுப்புங்கள்.

ஸ்ட்ரெய்ட்டில், அதாவது கடைசி நேர்ப்பாதையில், குதிரை திடீரென்று நின்றுவிடுகிறதே, அது என்ன? குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. இழுத்து இழுத்து நாக்கைப் பிட்டுக்கு (லகான் மாட்டும் வாய்க்கம்பிக்கு) மேலே போட்டுக்கொள்ளும் குதிரைக்குச் சில சமயம் பின் அண்ணத்து மென்சதை இடம்பெயர்ந்து மூச்சுக்குழல் வாயை மறைத்துவிடும். கொரகொரவென்று சத்தம் வரும். ஐம்பது, நூறு மீட்டருக்குள் பிரேக் போட்ட மாதிரி வேகம் விழும். நாக்கைக் கீழ்த்தாடையோடு பட்டையால் கட்டுவது இதற்காகத்தான். அந்த நிலையில் சாட்டை எடுப்பவர்தான் தப்பு செய்கிறார். கையைத் தாழ்த்தி விடுபவர் அல்ல.

பக்கவாட்டில் சாய்ந்து ஓடும் குதிரை இன்னொரு தலைவலி. பக்கவாட்டு கேமராவில் இது தெரியாது. முன்னாலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள்: தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், ஒரு வார் மட்டும் விறைப்பாக இருக்கும். பாதத்தில் வலி, பல்லில் வலி, களைப்பு, அனுபவமின்மை, எதுவும் காரணமாகலாம். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிற ஊர் நம்முடையது. குதிரை பார்க்கும் மருத்துவர் யாரைக் கேட்டாலும், கடைவாய்க்கு முன்னால் முளைக்கும் சின்ன ‘ஓநாய்ப் பல்’ பிட்டில் இடித்தால் குதிரை எப்படித் தலையைத் திருப்பும் என்று சொல்வார். வலது கையில் சாட்டை விழுந்தால் குதிரை இடது பக்கம் விலகும். எனவே இடது பக்கம் சாயும் குதிரைக்கு வலது கையில் அடித்துக்கொண்டே இருந்தால் அது பக்கத்துக் குதிரையின் பாதையை மறித்துவிடும். வந்த இடமும் பறிபோகலாம், ஜாக்கிக்குத் தடையும் வரலாம். சாட்டையை நிறுத்தி, இரண்டு எட்டு இழந்து, குதிரையை நேராக்குபவரைத்தான் நாம் “கையே அசையல” என்கிறோம்.

சாட்டை பற்றி ஒரு வார்த்தை. அடி விழும்போதெல்லாம் வாலைச் சுழற்றும் குதிரை வேகம் கூட்டாது, கோபம்தான் கூட்டும். பிரிட்டனில் 2023 முதல், தடை தாண்டாத பந்தயங்களில் ஆறு அடிக்கு மேல் அனுமதியில்லை. அதனால் அங்கே பந்தயம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

சரி, எப்போது திட்டலாம்? முதலில் திருப்பம். அரைவட்டத் திருப்பம் முழுக்க ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 3.14 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். மூன்று மீட்டர் வெளியே என்றால் ஒன்பதரை மீட்டர், கிட்டத்தட்ட நாலு லெங்த். உள்ளே இடம் காலியாக இருந்து, குதிரையும் அடங்கி ஓடும்போது ஒருவர் வெளியே சுற்றினால் கேள்வி கேளுங்கள். (உள்ளே நெருக்கினால் மிரளும் குதிரை என்றால் அது வேறு, முந்தைய ஓட்டங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.) தலை தாழ்ந்து, வாய் மூடி, எட்டு சீராக இருக்கும் குதிரையை, முன்னால் சுவர் மாதிரி ஓடும் குதிரைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் அடைத்துவிட்டு, பக்கத்தில் வழி திறந்தும் திருப்பாமல் இருந்தால், அது கவனிக்க வேண்டிய ஓட்டம். வின்னிங் போஸ்ட்டுக்கு முன்பே கையை விட்டு, மூக்கு நுனியில் இடத்தை இழந்தால் அதற்குச் சாக்கே கிடையாது.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பார்ப்பதில்லை. ஜாக்கியின் தள்ளல் குதிரையின் கழுத்து முன்னே போகும்போது கூடவே போக வேண்டும். கை படபடவென்று ஆடுகிறது, கழுத்தோடு சேரவில்லை என்றால் அது உதவியே அல்ல. ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்காக ஆடிக் காட்டுகிறார். நிஜமாகவே ஏமாற்ற நினைப்பவர் கையை அசைக்காமல் உட்கார்ந்து மாட்டிக்கொள்வாரா, சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு ஒன்று செய்யுங்கள். படத்தை மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை கேட்டிலிருந்து 400 மீட்டர் வரை, உங்கள் குதிரையின் வாயை மட்டும். இரண்டாம் தடவை முன்பக்கக் கேமராவில் கடைசி 400 மீட்டர். மூன்றாம் தடவை, ஜெயித்த குதிரை எந்த வழியில் வந்தது என்று. பிறகு அந்தக் குதிரையின் அடுத்த ஓட்டத்தைக் குறித்துவைத்துக்கொண்டு ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் போய்ப் பாருங்கள்: பிட் மாறியிருக்கிறதா, நாக்குப் பட்டை வந்திருக்கிறதா, கண் மறைப்பு போட்டார்களா, கழுத்தில் வியர்வை நுரை கட்டியிருக்கிறதா. எல்லாம் மாறி, உள்பக்க டிராவும் கிடைத்து, குதிரை வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக ஓடியும், அதே ஜாக்கி அதே மாதிரி பின்னால் கொண்டுவந்து நிறுத்தினால் டீக்கடையில் எங்களுக்கும் ஒரு இடம் போட்டு வையுங்கள். சேர்ந்தே திட்டுவோம்.

இப்படிக்கு,
குதிரைகளோடு பழகிய வடசென்னைக்காரர்கள் சிலர்