சவ்வுப் பாடத்தில் விடுபட்ட சுமைதூக்கிகள்: உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்பு உயிரியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். செல் சவ்வைக் கற்பிக்கும்போது 1972ஆம் ஆண்டில் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த மாதிரியை வரைந்து காட்டுகிறோம். பாஸ்போலிப்பிடு ஈரடுக்கு, அதில் மிதக்கும் புரதங்கள் என்று மாணவர்களும் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த லிப்பிடுகள், அதாவது கொழுப்பு வகை மூலக்கூறுகள், அவ்விடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று கல்லூரி முதலாண்டில் நான் கேட்டால், நுண்பைகள் (செல்லுக்குள் பொருள்களைச் சுமக்கும் சிறு சவ்வுப் பைகள்) கொண்டுவந்திருக்கும் என்று ஒருவரிருவர் சொல்வதோடு வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அது பாதி விடைதான். லிப்பிடுகளைச் சுமந்து செல்லும் புரதங்கள் என்னும் மறுபாதியைப் பாடத்தில் சேர்க்க வேண்டுமென்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சவ்வுக்குரிய லிப்பிடுகளில் பெரும்பாலானவை செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாச வலையில் உருவாகின்றன. அவற்றின் வால்பகுதி நீரோடு ஒட்டாது என்பதால், நீர் நிறைந்த சைட்டோபிளாசத்தை அவை தாமாகக் கடப்பது அரிது. இங்கேதான் ஒருவகைப் புரதங்கள் துணைக்கு வருகின்றன: உள்ளே எண்ணெய்ப்பசை கொண்ட ஒரு குழியில் லிப்பிடு மூலக்கூறு ஒன்றைப் பொதிந்துகொண்டு, ஒரு சவ்விலிருந்து இன்னொரு சவ்வுக்கு எடுத்துச் சென்று இறக்கிவிடுகின்றன. இரு நுண்ணுறுப்புகளின் சவ்வுகள் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும் இடங்களில் இந்த வேலை மும்முரமாக நடக்கிறது. விபிஎஸ்13 போன்ற நீண்ட புரதங்களோ, சுமந்து திரியாமல், தாமே பாலமாக நீண்டு கிடக்கின்றன. ஈஸ்ட் செல்லின் சுரப்புக்கு இன்றியமையாத செக்14 என்னும் புரதம் இத்தகைய லிப்பிடு சுமப்பான் என்பது 1990இலேயே தெரிந்துவிட்டது.

இதைச் செல் சமிக்ஞைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பாஸ்போலிப்பேஸ்-சி நொதி பிப்2 என்னும் லிப்பிடைப் பிளந்து ஐபி3, டையசைல்கிளிசரால் என்ற இரு தூதுப்பொருள்களை உண்டாக்குகிறது என்று அம்புக்குறி போட்டு நிறுத்திக்கொள்கிறோம். செல்லின் வெளிச்சவ்வான பிளாஸ்மா சவ்வில் பிப்2 இருப்பதோ மிகச் சிறிய அளவு. சமிக்ஞை தொடர வேண்டுமானால் அது மீண்டும் நிரப்பப்பட வேண்டும். பழ ஈயின் கண்ணில் ஒளி படும்போதெல்லாம் பிப்2 சிதைகிறது. அதை மீண்டும் உருவாக்கத் தேவையான பாஸ்பாடிடைல் இனோசிட்டால் என்ற லிப்பிடை ஆர்டிஜிபி என்னும் புரதம் பிளாஸ்மா சவ்வுக்குக் கொண்டுசேர்க்கிறது. அப்புரதம் இல்லாத ஈக்களை வெளிச்சத்தில் வளர்த்தால் விழித்திரை அழிந்துபோகிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலேயே இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். எடுத்துக்காட்டுக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

மாணவர் மனத்தில் இது ஆழமாகப் பதிய வேண்டுமானால் மலேரியாவைச் சொல்லுங்கள். மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் குடிபுகும் இரத்தச் சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, எண்டோபிளாச வலையும் இல்லை. ஏறக்குறைய ஆளில்லா வீடு. அங்கே அந்த ஒட்டுண்ணி தன்னைச் சுற்றியுள்ள பைக்குள் இருந்துகொண்டு, ஏறத்தாழ 48 மணி நேரத்தில் 16 முதல் 32 வரையான சேய் ஒட்டுண்ணிகளுக்குச் சவ்வு தைத்தாக வேண்டும். அந்தப் பைக்குள் ஸ்டார்ட் என்னும் அமைப்புடைய ஒரு லிப்பிடு சுமப்புப் புரதத்தை அது அனுப்பிவைக்கிறது. அப்புரதத்தைத் தடுக்கும் சேர்மங்களைக் கொடுத்தால், சிவப்பணுவில் நுழைந்த ஒட்டுண்ணி மேற்கொண்டு வளர முடியாமல் நின்றுவிடுவது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. இனோசிட்டால் லிப்பிடுக்குப் பாஸ்பேட் ஏற்றும் பிஐ4கே நொதியும் மருந்துகளுக்கு இத்தகைய இலக்குதான். அதைத் தாக்கும் எம்எம்வி390048 என்ற சேர்மம் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டது. மலேரியாப் பாடத்தில் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சிக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் நாம், இதற்கு அரைப் பக்கம் தரலாகாதா?

மலேரியா ஒட்டுண்ணியின் உறவான டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியில் லிப்பிடே சமிக்ஞையாகிறது. சவ்வின் உட்புறத்தில் சேரும் பாஸ்பாடிடிக் அமிலத்தை ஏபிஎச் என்ற புரதம் உணர்ந்த பிறகே மைக்ரோனீம் என்னும் அதன் சுரப்புப் பைகள் திறக்கின்றன, ஒட்டுண்ணியும் செல்லை விட்டு வெளியேறுகிறது.

கலைச்சொல் குறித்தும் ஒரு வார்த்தை. சவ்வின் ஒருபுறமிருந்து மறுபுறத்துக்குப் பொருளை விடும் புரதங்களுக்குக் 'கடத்துப் புரதம்' என்ற பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. ஒரு சவ்விலிருந்து வேறொரு சவ்வுக்குப் போகும் இவற்றையும் அப்பெயராலேயே அழைத்தால் மாணவர் குழம்புவது உறுதி. 'லிப்பிடு இடமாற்றப் புரதம்' என்பது நீளமானாலும் பொருள் மயங்காது. இதைவிடச் செறிவான சொல் உங்களுக்குத் தோன்றினால் இன்னும் நல்லது.

இப்பகுதியைச் சேர்ப்பீர்களானால், அதிலிருந்து ஒரு மதிப்பெண் வினாவாகப் புரதத்தின் பெயரை மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆர்டிஜிபி இல்லாத ஈயின் கண்ணுக்கு வெளிச்சத்தில் என்ன நேரும், ஏன் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவர்