லேபிள் இல்லாத பட்டாம்பூச்சிப் பெட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

சமீபத்தில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் பெட்டி நிறைய பட்டாம்பூச்சிகளைக் குண்டூசியில் குத்தி வைத்திருந்தார்கள். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் எதுவுமே இல்லை. அதைச் சேகரிப்பு என்று எப்படிச் சொல்வது? பெயர் ஒட்டிய ஒன்றிரண்டிலும் தப்பு. பிளைன் டைகர் பட்டாம்பூச்சி என்று எழுதியிருந்தது உண்மையில் டானாய்டு எக்ஃபிளையின் பெண், அதாவது பறவைகள் தின்னத் தயங்கும் அந்த டைகரைப் போலவே வேஷம் கட்டிப் பிழைக்கிற பூச்சி. பிரித்தறிவது பெரிய வித்தையும் இல்லை. பின் இறக்கையின் நடுவே மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் டைகர், மேல் விளிம்போரம் ஒரே ஒரு புள்ளி என்றால் எக்ஃபிளை. புளூ, ஸ்கிப்பர் எனும் சிறு பட்டாம்பூச்சி வகைகளில் சிலவற்றுக்கு மட்டும் இறக்கை போதாது, வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும், பிடித்து வைத்த பூச்சி அங்கேதான் நிஜமாகத் தேவை. மற்றவற்றுக்கு இறக்கையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் மொபைலில் எடுத்தாலே பெரும்பாலும் சரி. அப்புறம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் உயிர்களின் பட்டியலில் பட்டாம்பூச்சி இனங்கள் பலவும் உண்டு என்பதை மாணவர்கள் கையில் வலையைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடலாமே.

ஒரு வாசகர்