கல் ஓரிடம், ஆள் ஓரிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூதாதையரைத் தேடி வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைகள் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அங்கே இருப்பவை கல்லறைகள் அல்ல, கல்லறைக் கற்கள் மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் ஏமாந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தேவாலயத்தை ஒரு சுற்று சுற்றி வருவது வழக்கம். அந்தப் பழக்கம் தெரிந்துதான், பெரம்பூரில் இருக்கும் ஆங்கிலோ இந்திய நண்பர் பெர்த்திலிருந்து வந்திருந்த தன் சித்தி மகளை என்னுடன் அனுப்பிவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவர்தான் தங்கள் குடும்பத்தின் முதல் ஆள் என்பது அவர் கேள்விப்பட்ட கதை. கையில் பெரிய வெள்ளைத் தாளும் மெழுகுக் கட்டியும் வைத்திருந்தார், எழுத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போக.

உச்சி வெயில். தரையில் பாவிய கல்லில் கை வைக்க முடியவில்லை. எழுத்தும் புலப்படவில்லை. அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கல்லில் ஊற்றினார். "காலையில வாங்கம்மா. வெயில் சாய்வா விழுந்தா எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும்" என்றார். ஈரம் காய்வதற்குள் அந்த அம்மா தன் குடும்பப் பெயரைப் படித்துவிட்டார். அப்படியே முழங்காலிட்டு, பையிலிருந்த பூவை வைத்தார். கீழே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் சொல்ல மனசு வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னேன்.

சொன்னது இதுதான். ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி வந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவருடைய ஆட்கள் அங்கிருந்த உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. இன்னொரு முறை எதிரிக்கு மறைவிடம் ஆகிவிடக் கூடாது என்று அந்தக் கல்லறைகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்து வந்து தேவாலயத்தைச் சுற்றிப் பாவிவிட்டார்கள். இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலக் கல்லறைக் கல் என்று சொல்லப்படும் எலிசபெத் பேக்கரின் 1652-ஆம் ஆண்டுக் கல்லும் இன்று அந்த வளாகத்தில்தான் கிடக்கிறது.

சரி, கல்லை நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது? பதிவேட்டைத்தான். அந்தத் தேவாலயத்தின் திருமண, ஞானஸ்நான, அடக்கப் பதிவுகள் 1680-லிருந்து இருக்கின்றன. முதல் திருமணமே, பிற்காலத்தில் சென்னையில் கம்பெனியின் ஆளுநரான எலிஹு யேலுக்கும், ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேத்தரினுக்கும் நடந்ததுதான். கற்களில் உள்ள வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-லேயே தொகுத்து அச்சிட்டுவிட்டார். இன்று தேய்ந்துபோன எழுத்தை வெயிலில் குனிந்து பார்ப்பதைவிட அந்தப் புத்தகத்தைப் பார்ப்பது மேல். ஒரு எச்சரிக்கை: 1752 வரை ஆங்கிலேயருக்கு வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. யேலின் சிறு பையன் டேவிட் இறந்த 1688 ஜனவரி, அவர்கள் கணக்கில் 1687. இது தெரியாமல் வம்சாவளி போட்டால் அப்பா செத்த பிறகு பிள்ளை பிறந்ததாகக்கூட வரும்!

பெர்த் அம்மாவுக்குச் சிப்பாயின் பெயர் பிறகு பதிவேட்டில் கிடைத்தது. மனைவிக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று மட்டும். ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை. அவள் நம் ஊர்ப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1687-இல் கம்பெனி இயக்குநர்கள் லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொல்லி, பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் அன்று தாய்க்கு ஒரு வராகன், அதாவது அந்தக் காலத்துத் தங்க நாணயம், கொடுக்கச் சொன்னார்கள். வராகன் வாங்கிய தாய்மார்களில் எத்தனை பேருக்குக் கல் நட்டிருப்பார்கள்?

அதனால்தான் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கும் ஹின்மர்ஸ் கல்லறையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜோசப் ஹின்மர்ஸும் குழந்தை டேவிட் யேலும் அடங்கியிருக்கும் உயரமான கூம்பு அது. முற்றுகைக்குப் பிந்தைய இடிப்பில் அதையும் பவுனி குடும்பக் கல்லறையையும் விட்டுவைத்தார்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டும், கூம்பை நகர்த்துங்கள் என்று சில வருடங்களுக்கு முன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. யேல் ஆளுநராக இருந்தபோது சென்னையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள், அவர் வீட்டுக் கல்லறைக்கு என்ன மரியாதை என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயம்தான். எனக்கும் யேல் மீது ஒரு பிரியமும் இல்லை. ஆனால் அந்த மண்ணுக்குள் கல் இல்லாதவர்களும் கிடக்கிறார்கள். இது இடுகாடு என்று சொல்ல அங்கே மிஞ்சியிருக்கும் அடையாளம் அது. நகர்த்தினால் இன்னொரு கல்தான் ஊர் மாறும்.

கற்கள் ஊர் மாறுவதற்குச் சென்னையில் பஞ்சமில்லை. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் அந்த ஊர்ச் சமாதிக் கல்கூட எங்கள் பல்லாவரம் பக்கத்துக் கல் வகைதான். அந்தச் சமாதியால்தான் அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

தேவாலய வாசலில் ஒரு சின்னப் பலகை வைத்தால் போதும்: கற்கள் இங்கே, அடக்கம் செய்யப்பட்டவர்கள் வெளியே, பழைய சட்டக் கல்லூரிப் பக்கம். பெர்த் அம்மா டிசம்பரில் மறுபடி வருகிறார். பூவை இந்த முறை எங்கே வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
பல்லாவரம்.