இரண்டு பக்கம் எழுதக் கற்றுக்கொடுங்கள்: பொறியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஆண்டுதோறும் உங்கள் மாணவர்கள் என்னிடம் வேலைக்குச் சேருகிறார்கள். அவர்களுடைய கணக்கில் நான் குறை காண மாட்டேன். எழுதச் சொன்னால்தான் தடுமாறிப்போகிறார்கள்.

சென்ற ஆண்டு இரவு ஷிப்டில் ஒரு மோட்டார் நின்றது. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பதிவேட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மோட்டார் அதிகம் சூடானது. பேரிங் மாற்றப்பட்டது." எத்தனை டிகிரி, எந்தப் பக்கத்துப் பேரிங், பழையது எப்படித் தேய்ந்திருந்தது, என்ன கிரீஸ், எவ்வளவு வைத்தார்? ஒன்றுமே இல்லை. மூன்றே வாரத்தில் அதே மோட்டார் மறுபடியும் நின்றது. பழைய பேரிங்கைப் பார்க்கலாம் என்றால் அது காயலான் கடைக்குப் போய்விட்டது. கிரீஸ் அளவை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். யாரோ இணையத்தில் போட்ட ஒரு வீடியோவைக் காட்டினார். மோட்டார் நிறுவனத்தின் கையேடு பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. அந்த இளைஞர் சோம்பேறி அல்ல. எதை நம்பி எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று நான்கு ஆண்டுகளில் ஒருவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

எங்களுக்குப் போனது ஒரு மோட்டார். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் மாண்டார்கள். புறப்படும்போதே நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் அதைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு ஆறுதலாக இருந்தது. ஆனால் முன்பு நடந்த மோதல் சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதோ 1920 என்ற செய்தி அதே பக்கத்தின் கடைசி வரியில் கிடந்தது. 640 மடங்கு! அந்தப் பக்கத்தைப் படிக்கும் மேலதிகாரிக்கு உயிராபத்து என்பது உறைக்காமல் போயிருக்கும் என்று விசாரணைக் குழுவே பின்னர் எழுதியது. முதல் வரியில் நிற்க வேண்டிய எண் அது.

ஆகவே கேட்கிறேன். இறுதியாண்டில் தடிமனாக பைண்டிங் செய்த அறிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். அவற்றில் எத்தனை பக்கங்கள் முந்தைய ஆண்டின் நகல் என்பது உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு ஆய்வகப் பயிற்சிக்கும் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சோதனையில் கண்டறிந்த முடிவு முதல் வரியில் வரட்டும். எண்ணோடு அலகும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் இருக்கட்டும். எழுதியதை இன்னொரு மாணவர் கையில் கொடுத்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே மதிப்பெண்ணைக் குறையுங்கள். கையேட்டையும் இந்தியத் தரநிலை ஆவணங்களையும் வகுப்பிலேயே பிரித்துப் படிக்க வையுங்கள்.

எங்கள் பழைய பதிவுகளில் இருபதை, பெயர்களை நீக்கி எடுத்து வைத்திருக்கிறேன். எந்தச் சனிக்கிழமை அழைத்தாலும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர்