குழியை அளப்பதற்கு முன் வாசலை அளந்து சொல்லுங்கள்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மினி எக்ஸ்கவேட்டர், அதாவது மண் தோண்டும் சின்ன வண்டி, வாடகைக்குக் கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை அடி ஆழம் தோண்டும்?" என்பதுதான். அதற்கு நாங்கள், "வண்டி உள்ளே வருகிற வழி எத்தனை அடி?" என்று திருப்பிக் கேட்போம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குறுக்குக் கேள்வி கேட்கிறார்களே என்று சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது.

கொஞ்ச நாளுக்கு முன் ஒருவர் வீட்டுப் பின்புறம் குழாய் பதிக்க வண்டி கேட்டார். பக்கத்துச் சந்து மூன்றரை அடி என்றார். சுவருக்குச் சுவர் சரியாகத்தான் அளந்திருந்தார். மூன்றேகால் அடி அகல வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். பாதிச் சந்தில், சுவரை ஒட்டி மேலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய் ஒன்று நாலு அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. ஓர் அங்குலம் பற்றவில்லை. வண்டி திரும்பி வந்தது. தப்பு எங்களுடையதுதான், "எவ்வளவு அகலம்" என்று கேட்டோமே தவிர, "மிகக் குறுகலான இடம் எது" என்று கேட்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் வாசலில் தொடங்கி தோண்டும் இடம்வரை ஒரே நடையாக நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறோம். கதவின் தாழ்ப்பாள், மீட்டர் பெட்டி, படிக்கட்டு, பால்கனி எல்லாம் அதில் வந்துவிடும். மேலே பார்க்கவும் மறக்காதீர்கள். கூரை வைத்த வண்டிக்கு எட்டடி உயரமாவது வேண்டும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறோம். ஒரு டன் எடையுள்ள குட்டி வண்டி, செயினை (சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் சுற்றும் பட்டையை) உள்ளே இழுத்துக்கொண்டால் இரண்டரை அடி வழியில்கூட நுழையும். ஐந்தரை அடி வரை தோண்டும். ஒன்றே முக்கால் டன் வண்டிக்கு மூன்றேகால் அடி அகலம், ஏழரை அடி ஆழம். மூன்று டன் என்றால் ஐந்தடி அகலம், ஒன்பதடி ஆழம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆனால் இந்த ஆழமெல்லாம் கையை முழுதாக நீட்டி, பக்கெட்டின் பல் தொடும் கடைசிப் புள்ளி. சுவர் செங்குத்தாக நிற்கிற குழி வேண்டுமென்றால் ஓர் அடியாவது குறைத்துக்கொள்ளுங்கள். செயினைச் சுருக்கிய நிலையில் நுழையத்தான் முடியும். தோண்டும்போது விரித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும்.

சிலர் இதைக் "குட்டி ஜேசிபி" என்பார்கள். எங்களுக்குப் புரிந்துவிடும், பரவாயில்லை. ஆனால் பேச்சில் ஜேசிபி என்கிற டயர் வண்டி திரும்ப நிறைய இடம் கேட்கும். எங்கள் மினி எக்ஸ்கவேட்டரின் மேல்பாகம் நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றும். சுற்றும்போது சில வண்டிகளின் பின்பக்கம் செயினைத் தாண்டி வெளியே வரும், அங்கே சுவர் இருந்தால் இடிக்கும். பின்பக்கம் வெளியே வராத வண்டியும் உண்டு. இடம் நெருக்கடி என்றால் அதைக் கேளுங்கள்.

அடுத்தது மண். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 30 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 180 கன அடி. மண்ணுக்குள் இறுகிக் கிடந்தது வெளியே வந்ததும் உதிர்ந்து கால் பங்குக்குக் குறையாமல் பெருகும். களிமண் என்றால் இன்னும் கூட. ஆக 225 கன அடிக்கு மேல் குவியும், எடை எட்டு டன்னைத் தொடும். வண்டி இதை ஒரு காலை நேரத்துக்குள் வாரி வெளியே போட்டுவிடும். போட இடம் எங்கே? குழி விளிம்பிலேயே குவிக்கக் கூடாது, இரண்டடியாவது தள்ளிப் போட வேண்டும். விளிம்பில் பாரம் ஏறினால் சுவர் சரியும். வெளியே ஏற்றி அனுப்புவதானால் லாரி வந்து நிற்கும் நேரத்தையும் முன்பே பேசி வையுங்கள். எங்கள் வாடகை மணி மீட்டர் கணக்கு. எஞ்சின் ஓடினால் மீட்டர் ஓடும், பக்கெட் அசைந்தாலும் அசையாவிட்டாலும். லாரிக்குக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் சொல்வது உங்கள் உரிமை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தரைக்கடியில் என்ன போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். மின் கேபிள், தண்ணீர்க் குழாய், பழைய செப்டிக் டேங்க், எதுவாக இருந்தாலும் சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள். தெரியாவிட்டால், சம்பந்தப்பட்ட அலுவலகங்களில் கேட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கடைசி ஓர் அடியை நாங்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக் கையால்தான் எடுப்போம். நேரம் பிடிக்கும், அதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மூடி மறைந்த பழைய செப்டிக் டேங்க் மேல் வண்டி ஏறினால் வண்டியே உள்ளே போய்விடும்.

குழிக்குள் ஆள் இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கன அடி மண் 45 கிலோவுக்கு மேல் இருக்கும். இடுப்பளவு சரிந்து விழுந்தாலே ஆளால் அசைய முடியாது. ஐந்தடிக்கு மேல் ஆழமென்றால் பலகை வைத்து முட்டுக் கொடுக்காமல், அல்லது சுவரைச் சரிவாக வெட்டாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். ஈர மண், மணல், முன்பு ஒருமுறை தோண்டி மூடிய மண் என்றால் அதற்கும் முன்பே எச்சரிக்கை வேண்டும்.

"நானே ஓட்டிக்கொள்கிறேன், வண்டியை மட்டும் கொடுங்கள்" என்பவர்களிடம் ஒன்று: இந்த வண்டிகளின் இரண்டு கைப்பிடிகளும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இரண்டு விதமான அமைப்பு இருக்கிறது. ஒன்றில் பழகிய கை மற்றதில் வண்டியின் பெரிய கையான பூமைத் தூக்குவதாக நினைத்து வேறொன்றை அசைத்துவிடும். முன்பு ஓட்டியிருந்தால் எந்த அமைப்பு என்று சொல்லுங்கள். ஓட்டியதில்லை என்றால் ஆபரேட்டரோடு எடுங்கள்.

அப்புறம், எங்கள் வியாபாரத்துக்கு எதிரான ஒரு வார்த்தை. நாலைந்து மரக்கன்றுக்குக் குழி, ஒரு சின்ன வேலிக்கு ஏழெட்டுக் கம்பக்குழி என்றால் வண்டி வேண்டாம். ஏற்றி இறக்கும் கூலியே வீண். இரண்டு ஆட்கள் அரை நாளில் முடித்துவிடுவார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது, நிலத்தடித் தொட்டி, நீளமான குழாய்ப் பள்ளம், வேர் ஊன்றிய அடிமரம் இவற்றுக்குத்தான் வண்டி சரிப்படும். கீழே பாறை தட்டுமென்று சந்தேகமிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், பாறை உடைக்கும் பிரேக்கரையும் சேர்த்து ஏற்றி வருகிறோம்.

வீடியோவோடு, தோண்டும் நீளம், அகலம், ஆழம், மண் எப்படிப்பட்டது, எடுத்த மண் எங்கே போகும், இவ்வளவையும் எழுதி அனுப்பினால் எந்த வண்டி, எத்தனை மணி நேரம் என்று அன்றைக்கே சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் எந்திர வாடகை நிலையத்தார்