மவுஸை மாணவர் கையில் கொடுங்கள்

அன்புள்ள இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாடம் நடத்த கணினி சிமுலேஷன் (சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் மென்பொருள்) வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்திய காலம் போய்விட்டது. என் கவலை வேறு. பல வகுப்புகளில் ஆசிரியர் பெரிய திரையில் அதை ஓட்டிக் காட்டுகிறார், மாணவர்கள் கைகட்டிப் பார்க்கிறார்கள், மணி அடித்துவிடுகிறது. அப்படி ஓட்டினால் அது வெறும் வீடியோதான். வீடியோவையாவது வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். வகுப்பில் நிஜமாகவே செய்து காட்டிய சோதனைகளைப் பற்றியது அது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதுவும் புரிந்துவிடவில்லை. என்ன நடக்கும் என்று முதலில் ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் புரிதல் கூடியது. நிஜச் சோதனைக்கே இந்தக் கதி என்றால் திரையில் ஓடுவதற்கு என்ன ஆகும்?

மின்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மீதியை அனுப்புகிறது என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் மனதுக்குள் நினைக்கிறார்கள். ஓம் விதியைக் கடகடவென்று ஒப்பிப்பவர்களும் இதற்கு விலக்கில்லை. கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் அந்த நினைப்பு போகாது. ஆனால் "பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர். எதில் அதிகம் காட்டும்? எழுது" என்று கேட்டு (அம்மீட்டர் மின்னோட்டத்தை அளக்கும் கருவி), எழுதிய பிறகு அவர்களையே சிமுலேஷனில் இணைத்துப் பார்க்கச் சொன்னால், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்போது முகம் மாறும். உடனே இன்னொரு பல்பைச் சேர்ப்பார்கள், பேட்டரியைத் திருப்பிப் போடுவார்கள். நீங்கள் சொல்லாமலேயே.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டம் இப்படிப்பட்ட சிமுலேஷன்களை இலவசமாகவே தருகிறது. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதன் மின்சுற்று சிமுலேஷனில் பயின்றவர்கள், பிறகு நிஜக் கம்பியையும் பல்பையும் கொடுத்துச் சுற்று அமைத்து விளக்கச் சொன்னபோது, ஆய்வகக் கருவிகளில் பயின்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று 2005-இல் அங்கேயே நடந்த ஆய்வு சொல்கிறது. இதைக் காட்டி ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று நிர்வாகம் கிளம்பினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். தளர்ந்த இணைப்பு, நிலைகொள்ளாமல் ஆடும் முள், ஒரு சொட்டு கூடிப்போனதில் கெட்டுப்போகும் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) எல்லாம் நிஜ மேசையில்தான் கிடைக்கும். அவையும் அறிவியல்தான்.

வேதியியலில் சிமுலேஷன் இன்னும் கைகொடுக்கும், கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் அங்கே அதிகம் என்பதால். சமநிலை என்றால் வினை நின்றுவிட்டது என்றுதான் மாணவர் நினைக்கிறார். மூலக்கூறுகள் இரு பக்கமும் மாறிக்கொண்டே இருப்பதையும் எண்ணிக்கை மட்டும் நிலையாக நிற்பதையும் திரையில் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது pH, அதாவது அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்; 25 டிகிரி செல்சியஸில் 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் pH 3 என்பது 4 ஆகும், மறுபடி செய்தால் 5. இப்படியே 8 வரை போகுமா என்று கேளுங்கள். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு "போகும்" என்பவர்கள் நிறைய. அமிலத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காரமாக்கிவிட முடியுமா? தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்த்தால், 25 டிகிரி செல்சியஸில் 6.98 அளவில்தான் நிற்கும். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருக்கும் மாணவர், 7-ஐத் தாண்டாத அந்த எண்ணைப் பார்த்துத் தானே "ஏன்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த பிறகு நீங்கள் பேசுங்கள்.

அப்புறம், செயல்தாள். "முதலில் இந்தப் பொத்தானை அழுத்து, இரண்டாவதாக அதை நகர்த்து" என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் மாணவர் அதை மட்டும் செய்து முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். முதல் பத்து நிமிடம் எதுவும் சொல்லாமல் நோண்ட விடுங்கள். வகுப்பு சத்தமாக இருக்கும், பரவாயில்லை. கணினி குறைவு என்றால் மூன்று பேருக்கு ஒன்று போதும். ஒரே திரைதான் உண்டு என்றாலும் ஊகத்தை எழுத வைத்துவிட்டு ஒரு மாணவரை முன்னால் அழைத்து ஓட்டச் சொல்லலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். சிமுலேஷன் சொல்லும் பொய்களையும் பாடமாக்குங்கள். கம்பியில் எலக்ட்ரான்கள் நிஜத்தில் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை, திரையிலோ ஓடுகின்றன. அணுவுக்கு நிறம் கிடையாது. திரையில் வரும் கம்பிகள் பெரும்பாலும் மின்தடையே இல்லாதவையாக இருக்கும். "இதில் எதெல்லாம் நிஜம் இல்லை?" என்ற ஒரு கேள்வியைத் தேர்வுத்தாளில் வையுங்கள். மதிப்பெண் உண்டு என்றால்தான் மாணவர்கள் திரையைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அடுத்து மின்னோட்டப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் அந்த இரண்டு அம்மீட்டர் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஊகத்தை எழுதி முடிக்கும்வரை திரையை மட்டும் அணைத்து வையுங்கள்.

அன்புடன்,
அறிவியல் வகுப்புகளை விரும்பும் ஒருவர்